கொட்டகையில் ஓடிய ரேடியோ

அக்டோபர் 8, செவ்வாய்

இன்றைய தவறு: காலைச் சோதனையை ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டேன்.

அன்றன்றைய தவறை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மற்றது தானாக நேராக வரும் என்று மாலை எழுத்து வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். எனக்கு நேராக வருகிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் முறை என்றால் முறை.

காலைச் சோதனை பெரிய வேலை இல்லை. தீனி வைத்த பிறகு, ஒன்பது மணிக்கு, கொட்டகை ரேடியோவை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஆட்டின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். எங்களிடம் இருக்கும் நான்கு செம்மறிகளின் இதயத்திலும் புது வால்வு பொருத்தியிருக்கிறது. அதில் இரண்டு சின்ன இதழ்கள். ஒவ்வொரு தடவை மூடும்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம், கம்பளியில் சுற்றி வைத்த கைக்கடிகாரம் போல. சத்தம் கேட்டால் இதழ் அசைகிறது. நின்றால், ரத்தம் உறைந்து இதழைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நான் பார்க்க வேண்டியது. கேட்க வேண்டியது என்று எழுதியிருக்க வேண்டும்.

ரேடியோவைக் கொண்டுவந்தவளும் நான்தான். எங்கள் பக்கத்தில் ரேடியோ இல்லாத ஆட்டுக் கொட்டகையை நான் பார்த்ததில்லை. புதுக் கொட்டகை போட்டால் அப்பா முதலில் ரேடியோவை மாட்டுவார், பல்பை அப்புறம்தான். மனுஷக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஆடு மிரளாது, நரியும் கிட்டே வராது என்பார். அறுவை முடிந்து வந்த ஆடுகள் சுவரை முட்டிக்கொண்டு நின்றபோது எங்கள் நிலையத்து டாக்டர் ஊனாவிடம் கேட்டு ரேடியோவை வைத்தேன். மறுநாளே அமைதியாகிவிட்டன.

சிக்கல் என்னவென்றால், உள்ளூர் வானொலியில் ஒன்பது மணிக்கு மரண அறிவிப்பு. யார் போனார்கள், உடல் எந்த வீட்டில், பூசை எந்தத் தேவாலயத்தில், எத்தனை மணிக்கு. அதைத் தவறவிட்டு ஒரு சாவுக்குப் போகாமல் இருந்துவிட்டால் எங்கள் ஊரில் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் அறிவிப்பு முடியட்டும் என்று ரேடியோவை விட்டுவிட்டு ஆடுகளின் பக்கத்தில் போய் நின்றேன். பதிவேட்டில் நான்கு கட்டத்திலும் 'இயல்பு' என்று எழுதினேன்.

கேட்டேனா என்றால், கேட்டதாகத்தான் நினைக்கிறேன். இன்று மட்டும்தானா என்றால், அதை இன்று எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமை எங்கள் நிலையத்தின் திறப்பு விழா. இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் கருவி செய்கிறவர்கள் இந்த ஊரைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மனிதருக்குப் போடுவதற்கு முன்னால் விலங்கில் போட்டுப் பார்க்க அவர்கள் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இனி பத்து நிமிடத்தில் எங்களிடம் வரலாம். ஊனா கால்நடை அறுவை மருத்துவர். இந்தச் சோதனை நிலையத்துக்காக நான்கு வருடம் அலைந்தவர். எங்கள் முதல் வாடிக்கையாளர் லோர்கன். இந்த வால்வு அவருடையது.


அக்டோபர் 9, புதன்

இன்றைய தவறு: வகுப்பில் ஒருவரிடம், எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொன்னேன்.

மலக்கி எப்போதும் போலக் கடைசியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வளைகுடாவை ஒட்டிய உணவகத்தில் சிப்பி திறப்பவர். வயது ஐம்பத்தொன்று. கை முழுக்கக் கத்திக் கீறல். ஆசிரியை அவருடைய நாட்குறிப்பை வாசிக்கச் சொன்னார்.

"இந்த வாரத் தப்பு," என்று வாசித்தார் மலக்கி. "போன வாரத் தப்பை எழுத மறந்தது."

"அப்ப போன வாரம்?"

"தப்பே பண்ணல டீச்சர். வீட்ல கேட்டுப் பாருங்க. இல்ல, வேணாம், கேக்காதீங்க."

தேநீர் இடைவேளையில் ஒரு ஸ்கோன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். "அடுத்த வாரம் நான் வரமாட்டேன் ரியோனா. திங்கக்கிழமை நெஞ்சைத் திறக்கிறாங்க. அன்னிக்கு முதல் ஆளே நான்தான். முப்பது வருஷமா சிப்பியைத் திறந்தேன், இப்ப என்னைத் திறக்கிறாங்க. நியாயந்தான்."

என்ன உபாதை என்று கேட்டேன். வால்வு போய்விட்டது என்றார். ஏணியில் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.

"வழக்கமான வால்வு போட்டா, ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை திங்கணும். என் தொழில்ல தினம் ரெண்டு கீறல் விழும். விழுந்தா ரத்தம் நிக்காதே. அப்புறம் நான் தட்டு கழுவத்தான் போகணும். இந்தப் புது வால்வுக்கு மாத்திரை கொஞ்சூண்டு போதுமாம். நம்ம ஊர்லயே பண்றாங்க. லோர்கன்னு ஒருத்தர். அதைப் பேச வந்த மனுஷன் கடைல உக்காந்து ரெண்டு டஜன் சாப்ட்டுட்டுப் போனார். ரெண்டு டஜன் சிப்பி திங்கிறவன் கெட்டவனா இருக்க முடியாது."

என் கையிலிருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கெல்லாம் போட்டுப் பாத்தாச்சாம். ஆடு ஜம்முனு இருக்காம்," என்றார். "ஆட்டுக்கு ஒத்துக்கிட்டா எனக்கும் ஒத்துக்கும். எங்க வீட்டம்மாவைக் கேட்டா ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லம்பா."

"எல்லாம் நல்லா நடக்கும்," என்றேன்.

வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: எந்தக் கருவி, எந்த ஆடு, என்ன நடந்தது என்று வெளியே வாய் திறக்கக்கூடாது. அதனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் விஷயம் எனக்குத் தெரியும். பழைய ஆட்டுச் சோதனைகள் வெளிநாட்டில் நல்லபடியாக முடிந்தன. அதன் பிறகு லோர்கன் வால்வின் மேற்பூச்சை மாற்றினார். மாத்திரை கொஞ்சம் போதும் என்பது அந்தப் புதுப் பூச்சை நம்பித்தான். புதுப் பூச்சுக்கு இருப்பது எங்கள் நான்கு ஆடுகள் மட்டும். 'முதல் மாதம், நான்கும் இயல்பு' என்று ஊனா கையெழுத்திட்டு அனுப்பிய அறிக்கையைப் பார்த்துத்தான் மருத்துவமனை மலக்கிக்கு நாள் குறித்தது.

அந்த 'இயல்பு' என் பேனாவிலிருந்து போனது.


அக்டோபர் 10, வியாழன்

இன்றைய தவறு: ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லாதது.

காலையில் ரேடியோவை நிறுத்தினேன். மரண அறிவிப்பில் யார் பெயர் வந்தது என்று தெரியாது. ஆனால் விழாப் பந்தலுக்கான ஜெனரேட்டரைக் கொட்டகைச் சுவரை ஒட்டியே நிறுத்தியிருந்தார்கள். தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. 'கேட்க இயலவில்லை' என்று எழுதினேன். 'இயல்பு' என்று எழுதவில்லை.

அடையாளத்துக்கு ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் ஒரு நிறம் பூசியிருக்கிறோம். நீலக்காரி தீனியில் கால்வாசியை மிச்சம் வைத்திருந்தாள். ஊனாவிடம் சொன்னேன். கையில் அளவு நாடாவோடு பந்தல்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் வாசனை," என்றார் திரும்பாமலே. "எனக்கே சோறு இறங்கல."


அக்டோபர் 11, வெள்ளி

இன்றைய தவறு எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழை விட்டிருந்தது. கார்கள் சாலை வரைக்கும் நின்றன. விருந்தினர்கள் காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வாத்துகள் போல நடந்தார்கள். லோர்கன் எல்லோருக்கும் கை கொடுத்தார். அறுவை அறை, ஸ்கேன் அறை, குளிர் அறை என்று ஊனா கூட்டிக்கொண்டு போனார். குரல் தெளிவாக இருந்தது. நான்கு வருட அலைச்சல் இன்று அவர் முகத்தில் இல்லை.

கடைசியாகக் கொட்டகை. புதுக் கட்டடம் என்றால் பாதிரியார் வந்து மந்திரிக்காமல் எங்கள் ஊரில் கதவு திறக்காது. கான்லத் பாதிரியார் தீர்த்தக் குப்பியோடு உள்ளே வந்தார். பின்னால் ஒரு இருபது பேர். ரேடியோவில் யாரோ கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதைக் கொஞ்சம் நிறுத்தும்மா," என்றார் என்னிடம். "மேல இருக்கறவருக்கு நான் பேசுறது கேக்கணும்ல. நேத்து ஆட்டத்தைப் பத்திப் பேசினா அவரும் அங்கதான் காது குடுப்பார்."

சிரித்தார்கள். நிறுத்தினேன். ஜெனரேட்டரும் அதற்குள் அணைந்திருந்தது. பாதிரியார் தலை குனிந்தார், எல்லோரும் குனிந்தார்கள்.

அந்த மாதிரி ஒரு அமைதி அந்தக் கொட்டகையில் பல நாளாக இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரே ஒரு ஆட்டின் 'டிக்' மட்டும் கேட்டது. வாசல் ஓரத்தில் நின்ற சிவப்புக்காரியிடமிருந்து. நான் நீலக்காரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், கையை நீட்டினால் தொடும் தூரம். அவளிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது. மற்ற இரண்டிடமிருந்தும் ஒன்றும் இல்லை. காலை மாற்றி நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ஒரு துளி நீலக்காரியின் காதில் விழுந்தது. வழக்கமாகத் தலையை உதறுவாள். இன்று உதறவில்லை.

"கவனிச்சீங்களா?" என்று லோர்கன் விருந்தினர்களிடம் மெல்லிய குரலில் சொன்னார். "பழைய வால்வா இருந்தா இந்நேரம் கடிகாரக் கடை மாதிரி இருக்கும். நம்மளுது எவ்வளவு அமைதி பாருங்க."

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் தட்டினார்கள். பாதிரியாரும் குப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

ஊனா தட்டவில்லை. இரண்டு கையாலும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரேடியோவைப் போடு," என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கை கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "எப்பலேர்ந்து?"

"தெரியல டாக்டர்."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? தினம் கேக்கறதுதான உன் வேலை."

"ஒன்பது மணிக்குச் சாவு அறிவிப்பு வரும். அது ஓடும்போதே கேட்டேன். கேட்டதா நினைச்சேன்."

"எத்தனை நாளா?"

"நல்லா நினைவிருக்கறது செப்டம்பர் கடைசிதான். அப்ப நாலும் கேட்டுச்சு."

திட்டுவார் என்று நின்றேன். குழாயைத் திறந்து கையை நனைத்தார், சோப்புப் போடவில்லை. "வாரா வாரம் ஸ்டெதஸ்கோப் வைக்க வேண்டியவ நான். போன வாரமும் வைக்கல, அதுக்கு முந்தின வாரமும் வைக்கல. கேக் மேல என்ன எழுதணும்னு பேசிக்கிட்டிருந்தேன்."

"இப்ப ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாமே."

"ஸ்கேன் பதினெட்டாம் தேதி. திட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"இன்னிக்கே பாத்தா?"

"பாத்தா பாத்ததா ஆயிடும் ரியோனா. பாத்ததை அனுப்பித்தான் ஆகணும்." கையைத் துடைத்துக்கொண்டார். வெளியே அவர் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். முகத்தைச் சரிசெய்துகொண்டு போனார்.


அக்டோபர் 12, சனி

இன்றைய தவறு: என் காதைச் சந்தேகப்பட்டு அரை நாளை வீணாக்கினேன். வீண் இல்லையோ என்னவோ.

ஒருவேளை எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அதனால் இப்படிச் செய்தேன். என் கைக்கடிகாரத்தைக் கத்தரித்த கம்பளியில் சுற்றித் தடுப்புக் கம்பியில் கட்டினேன். ரேடியோ இல்லை, ஜெனரேட்டர் இல்லை. இரண்டடி தள்ளி நின்று கேட்டேன். கேட்டது. நான்கடி தள்ளி நின்றும் கேட்டது. பிறகு அதே இடத்தில் நின்று பச்சைக்காரியைக் கேட்டேன், மஞ்சள்காரியைக் கேட்டேன். கடிகாரம் மட்டும்தான் ஓடியது.

நீலக்காரி மற்றவற்றை விட்டுத் தள்ளி, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். செம்மறி கடைசி வரை நோயைக் காட்டாது. மந்தையை விட்டுத் தனியாகப் படுத்தால், இனி மறைக்க அதனிடம் தெம்பு இல்லை என்று அர்த்தம். விலாவில் காதை வைத்தேன். ஈரத் துணியை மெல்ல மெல்ல அடிப்பது போல ஒரு சத்தம்.

ஊனாவைக் கூப்பிட்டேன். வந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். லோர்கனைக் கூப்பிட்டு, அவர் பேசுவது எனக்கும் கேட்கும்படி தொலைபேசியைக் கம்பியின் மேல் வைத்தார்.

"ஆட்டு ரத்தம் சீக்கிரம் உறையும் ஊனா," என்றது லோர்கனின் குரல். "இது உனக்குத் தெரியாததா? மனுஷ ரத்தம் வேற. ஒரு ஆடு சுணங்கினா ஊரைக் கூட்டணுமா? நிமோனியாவா இருக்கும். நேத்து அத்தனை பேர் உள்ள வந்தாங்க."

"மனுஷ ரத்தம் வேறன்னா எதுக்கு ஆட்டுல போட்டுப் பாத்தோம்?" என்று கேட்டது நான்தான். வாய் தவறி வந்துவிட்டது.

லோர்கனின் குரல் மாறியது. "யார் அது?"

"என் ஆள்," என்றார் ஊனா. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது காய்ச்சல் ஊசி மருந்து அவர் கையில் இருந்தது. போட்டார். நிமோனியாவுக்குப் போடுவது.

"திங்கக்கிழமை முதல் ஆளை எனக்குத் தெரியும் டாக்டர்," என்றேன்.

"சொல்லாத."

"எங்க வகுப்புலதான் இருக்கார். சிப்பி திறக்கறவர்."

"சொல்லாதன்னு சொன்னேன்ல." ஊசியை உறைக்குள் போட்டார். "நான் இப்ப ஒரு வார்த்தை சொன்னா, எங்களை நம்பி இந்த மாசம் வர இருக்கற ரெண்டு கம்பெனியும் வராது. முதல் சோதனையே இப்படியா போச்சும்பாங்க. அதுவும் நான் கேக்காம விட்டதால. நீ கேக்காம விட்டதால."

"ஆமா டாக்டர்."

"ஆமாங்கற."

"ஆமாதான."

அவர் போன பிறகு ரேடியோவைப் போடலாமா என்று யோசித்தேன். ஆடுகள் மிரண்டு நின்றன. போடவில்லை.


அக்டோபர் 13, ஞாயிறு

இன்றைய தவறு: நேற்றே மருத்துவமனைக்கு நான் பேசியிருக்க வேண்டும்.

காலையில் கதவைத் திறந்தபோது நீலக்காரி செத்துக் கிடந்தாள். மற்ற மூன்றும் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தன. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

ஊனா பூசையிலிருந்து நேராக வந்தார். நல்ல கோட்டைக் கழற்றாமலே அவளைத் தூக்க என்னோடு ஒரு பக்கம் பிடித்தார். குளிர் அறையில் கிடத்தினோம். லோர்கனுக்குச் சொன்னார். திங்கள் மதியம் தான் வந்த பிறகுதான் அறுக்க வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, தன் கண் முன்னால்தான் வால்வை வெளியே எடுக்க வேண்டும் என்றார் அவர். மலக்கியைக் காலை எட்டு மணிக்கு அறுவை அறைக்குள் கொண்டுபோகிறார்கள்.

"மதியம்," என்று ஊனா திரும்பச் சொன்னார். தொலைபேசியைக் கோட்டுப் பையில் போட்டார்.

நான் தரையைக் கழுவினேன். அவர் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். என் தொலைபேசி ஒலித்தது. மலக்கி படம் அனுப்பியிருந்தார். மருத்துவமனைத் தட்டில் ஒரு கிண்ணம் சூப், பக்கத்தில் அவருடைய கை, பெயர் எழுதிய பட்டையோடு. கீழே எழுதியிருந்தார்: 'ஞாயித்துக்கிழமை சூப்பு. கேரட் ஒண்ணு இருந்துச்சு, முகத்தைக் காட்டிட்டுப் போயிடுச்சு. இந்த வாரத் தப்பை எழுதிட்டியா? நான் எழுதிட்டேன். செருப்பை வீட்லயே விட்டுட்டேன்.'

ஊனாவிடம் நீட்டினேன். வேண்டாம் என்பது போலக் கையை உயர்த்தினார். அதற்குள் பார்த்துவிட்டார். அந்தக் கையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள்.

"எனக்குச் சிப்பி திறந்து குடுத்திருக்கார்," என்றார். "எங்க கல்யாண நாளுக்கு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரத்தில் சத்தம் ஏறி, பிறகு இறங்கியது.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துரு," என்றார்.

"ஒப்பந்தம்?"

"மழை வந்தா வைக்கோலை உள்ள எடுத்துப் போடறோம். யாரையாவது கேட்டுக்கிட்டா எடுக்கறோம்?"

"வால்வுல ரத்தக்கட்டி இருந்தா?"

"எட்டு மணிக்கு முன்ன மருத்துவமனைக்குப் போன் போகும்."

"யார் பண்ணுவா டாக்டர்?"

அவர் எழுந்து கோட்டில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். இந்தத் தடவை சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், அறுவைக்குப் போகும்போது கழுவுவது போல. காரில் ஏறியவர் இஞ்சினைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். யாருக்கோ பேசினாரா, சும்மா இருந்தாரா, கண்ணாடியில் மழை இருந்ததால் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன் மூன்று ஆடுகளிடமும் நின்று கேட்டேன். சிவப்புக்காரியிடமிருந்து மட்டும் வந்தது. நேற்றைவிட அடங்கி வந்தது. அப்படி எனக்குத் தோன்றியது. 'தோன்றியது' என்றே எழுதிவைத்தேன்.

நாளை: ஆறு மணிக்குக் குளிர் அறை. பெரிய கத்தி, சின்ன கத்தி, கத்தரி, வெள்ளைத் தட்டு, கேமரா எடுத்து வைக்க வேண்டும். வால்வு வெளியே வரும்போது தட்டைப் பிடிப்பது நான். இதய அறுவைப் பிரிவின் எண்ணைத் தாளில் எழுதி மேல்சட்டைப் பையில் வைத்தாயிற்று. ஏழேகால் மணி வரை ஊனா பேசவில்லை என்றால் நான் பேச வேண்டும். ரேடியோவைப் போடக்கூடாது.